பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம்

அவருடைய சொந்தப் பெயர் ஸ்டூடியோவில் பாதிப் பேருக்குத் தெரியாது. உஷ் அண்ணன் என்றால்தான் தெரியும். ஒலிப்பதிவு அறையின் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல், ஒரு மேசை, மேசை மேல் ஒரு தொலைபேசி, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. இவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். விளக்கு எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது என்று பொருள். அப்போது நடைவழியில் யார் வந்தாலும், முதலாளியே வந்தாலும், உதட்டில் விரலை வைத்து “உஷ்” என்பார். முப்பத்திரண்டு வருடம் இந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்தினார். “வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

வேலையில் அவர் குறை வைத்ததில்லை. செருப்புக்கு அடியில் ரப்பர் ஒட்டியிருந்தார். தொலைபேசி மணியின் மேல் பழைய காலுறை ஒன்றைச் சுற்றி, அது அடித்தால் தொண்டை கட்டிய ஆள் முனகுவதுபோல் மட்டும் கேட்கும்படி செய்திருந்தார். திங்கள்கிழமைதோறும் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். அவரால் அடக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கதவின் கைப்பிடி. அழுத்தும்போது சத்தம் வராது. விடும்போது உள்ளேயிருக்கிற ஸ்பிரிங் ‘டக்’ என்று ஒரு குரல் கொடுக்கும். மாற்றச் சொல்லி ஆபீசுக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூன்று தடவையும் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், விளக்கு எரிவதைக் கவனிக்காமல் தேநீர்த் தட்டோடு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே முப்பது வயலின்கள் ஒரு பாட்டின் கடைசி வரியில் இருந்தன. முப்பது வில்லும் அப்படியே நின்றன. முப்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். அது கூடப் பரவாயில்லை, அந்தப் பார்வைதான் அவரைச் சுட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது. அதற்குப் பிறகு விளக்கு எரிகிற கதவை அவர் தொட்டதில்லை.

அப்படியிருக்க, அந்தப் பாட்டு எடுத்த நாளுக்கு வருகிறேன். அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டில், சலூனில், பேருந்தில், அடுத்த வீட்டுக் குளியலறையில் என்று எங்கேயாவது கேட்டுத்தான் இருப்பீர்கள். மூன்று நிமிடம் பத்து விநாடி ஓடும் துள்ளல் பாட்டு. நடுவில் ஒரு விசில் வரும். அந்த விசிலுக்காகத்தான் பாட்டே. அந்த விசிலை அடித்தவர் பாடகரும் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை. பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவர்.

சுருதிக்காரர் மாதம் ஒருமுறை வருவார். மெலிந்த ஆள், உஷ் அண்ணனைவிட நாலைந்து வயது சின்னவர். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டுவார், அந்தச் சுரத்தை வாயால் சீழ்க்கையடிப்பார், இரண்டும் ஒட்டுகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பார், பிறகு சாவியைப் போட்டு முறுக்குவார். அவர் காதில் எள்ளளவு பிசகும் தப்பாது. நடைவழியில் போகும்போது, “அண்ணே, உங்க ட்யூப் லைட் அரைச்சுரம் கீழ பாடுது” என்று சொல்லிவிட்டுப் போகிறவர். இருவருக்கும் அதிகம் பேச்சில்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் பிடிக்கும்.

அன்று மதியம் உள்ளே போவதற்கு முன் சுருதிக்காரர் மேசையருகே நின்றார்.

“அண்ணே, வீட்டுக்காரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கேன். நாளைக்குக் காலைல ஆபரேஷன். நான் அங்கேயே இருக்கேன்னுதான் சொன்னேன். ‘என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நோய் போயிடுமா, போய் வேலையப் பாரு’ன்னு விரட்டிட்டா. பொண்ணு கூட இருக்கா. ஒரு அவசரம்னா கூப்பிடச் சொல்லி இந்த நம்பரைக் குடுத்திருக்கேன்.”

“போன் வந்தா சொல்றேன். நான் வேற எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?” என்றார் உஷ் அண்ணன்.

உள்ளே இசையமைப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பாட்டின் நடுவில் ஒரு துண்டு இடம் காலியாகக் கிடந்தது. அதை வாசிக்க வேண்டிய ட்ரம்பெட்காரர் காய்ச்சல் என்று வரவில்லை. பாடுகிற பெண்ணுக்கு மாலை ஐந்து மணிக்கு வேறொரு இடத்தில் வேலை. இந்த நேரத்தில்தான் சுருதிக்காரர் ஒரு கட்டையைத் தட்டிச் சீழ்க்கையடித்தார். இசையமைப்பாளர் நிமிர்ந்தார். “அதையே கொஞ்சம் நீட்டி அடிங்க பாப்போம்” என்றார். “என் கூலி விரலுக்குத்தான் சார், வாய்க்கு இல்ல” என்றார் சுருதிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவரை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அந்தப் பாட்டு பிறந்தது இப்படித்தான். பின்னால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அதையெல்லாம் நம்பாதீர்கள்.

மதியம் முழுக்கப் பாட்டு துண்டுதுண்டாகக் கதவிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. ஏழெட்டு வருடமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு ஆயிரக்கணக்கான பாட்டுகள் வெளியிலிருந்தே பழக்கம். பெரும்பாலும் காதில் வாங்கிக்கொள்ளக்கூட மாட்டார். ஆனால் அன்று காலாட்டிக்கொண்டிருந்தார். நாலு தடவை எடுத்தார்கள். நாலு தடவையும் பாதியில் யாரோ சொதப்பினார்கள். முழுப் பாட்டும் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நமைச்சலே வந்துவிட்டது.

நாலு பத்துக்குத் தொலைபேசி முனகியது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், மூச்சு வாங்க வாங்கப் பேசியது.

“மாமா, அப்பாவ உடனே வரச் சொல்லுங்க. அம்மாவுக்கு இன்னிக்கே ஆபரேஷனாம். கொஞ்ச நேரத்துல உள்ள கொண்டு போயிடுவாங்களாம். அதுக்குள்ள அப்பாவ ஒரு தடவ பாக்கணும்ங்கறாங்க.”

“இதோ சொல்றேன் கண்ணு” என்று கிசுகிசுத்தார் உஷ் அண்ணன்.

விளக்கைப் பார்த்தபடி எழுந்து நின்றார். நாலு பதினாலுக்கு விளக்கு அணைந்தது. அணைந்ததும் கைப்பிடியை அழுத்தினார். அதுவரைக்கும் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே உள்ளே பார்த்தார். சுருதிக்காரர் மைக் முன்னால் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாடுகிற பெண் சிரித்தாள். இசையமைப்பாளர் ஒற்றை விரலைத் தூக்கினார், இன்னும் ஒரே ஒரு தடவை என்று. எல்லோரும் நேராக நின்றார்கள். இந்தத் தடவை சரியாக வந்துவிடும் என்று உஷ் அண்ணனுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அத்தனை வருட அனுபவத்தில் தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது கதவைத் திறந்தால் சுருதிக்காரர் ஓடிவிடுவார், பாட்டு அத்தோடு போய்விடும். மூணே மூணு நிமிஷம். மூணு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

விளக்கு எரிந்தது. அவர் கைப்பிடியை விட்டார். டக்.

பாட்டு ஆரம்பமானது. கண்ணாடியில் நெற்றி படும்படி நின்று அவர் முழுப் பாட்டையும் கேட்டார். ஒரு பிசிறு இல்லை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நிமிடத்தில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டு முடிந்தது. ஆனால் விளக்கு அணையவில்லை. சூடு ஆறுவதற்குள் கைவசம் இன்னொன்று இருக்கட்டும் என்று நிறுத்தாமல் மறுபடி எடுத்தார்கள். எரிகிற விளக்குக்குக் கீழே அவர் சிலையாக நின்றார். நாலு இருபத்தைந்துக்குத்தான் விளக்கு அணைந்தது.

ஆஸ்பத்திரி அரைமணி நேர வழி. சேதியைக் கேட்டதும் சுருதிக்காரர் பையைக்கூட எடுக்காமல் ஓடினார். நாலு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார். நாலு நாற்பத்தெட்டுக்கு அவர் மனைவியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அந்த அம்மாள் மயக்கத்திலிருந்து கண் விழிக்கவே இல்லை.

துக்கத்துக்குப் போன உஷ் அண்ணனின் கையைச் சுருதிக்காரர் பிடித்துக்கொண்டார். “வெளக்கு எரியறப்ப நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. உங்க மேல தப்பில்ல.” உஷ் அண்ணன் வாயைத் திறந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டார். சுவரோரம் நின்ற சுருதிக்காரரின் ஒன்பது வயது மகள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் பாட்டு வெளியானது. வானொலியின் வாரப் பத்துப் பாடல் வரிசையில் முதல் வாரம் ஒன்பதாம் இடம், அடுத்து ஆறு, அடுத்து மூன்று, நாலாவது வாரம் முதலிடம். ஏறியது இறங்கவே மாட்டேன் என்றது. பத்தொன்பது வாரம் அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தது. இசைத்தட்டுக் கடைகளில் பத்து மணிக்கு வந்த பெட்டி பதினொன்றுக்குக் காலியானது. பட்டிதொட்டியெல்லாம் அந்த விசில்தான். இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் தடவை எடுத்ததைத்தான் இசைத்தட்டாகப் போட்டார்கள். பாட்டு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் அந்த ‘டக்’ அப்படியே இருந்தது. வெட்டிவிடலாமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டாராம். “இருக்கட்டும், யாரோ வந்து கதவத் தட்டற மாதிரி அழகா இருக்கு” என்றாராம் இசையமைப்பாளர். பிறகு தெருப்பிள்ளைகள்கூட நாக்கைச் சொடுக்கி ‘டக்’ போட்டுவிட்டுத்தான் பாட்டையே எடுத்தார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பா அது? தெருவில் நடந்தால் டக். பேருந்தில் ஏறினால் டக். சலூனில் பாதிச் சவரத்தில் எழுந்து வந்திருக்கிறார். வீட்டில் வானொலியை அணைப்பார், மனைவி மறுபடி போடுவாள். “ஊரே கேட்டு ஆடுது, உங்களுக்கு மட்டும் ஏன் காது கசக்குது?” என்பாள். ஊரையெல்லாம் உஷ் சொல்லி அடக்கியவரால் ஒரே ஒரு பாட்டை அடக்க முடியவில்லை.

ஒருமுறை, பாட்டு வந்து ஆறு மாதம் இருக்கும், பியானோ வேலை முடித்து வந்த சுருதிக்காரர் மேசையருகே நின்றார்.

“அண்ணே, பாட்டு தொடக்கத்துல ஒரு சத்தம் வருதே, அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியலையே தம்பி. ட்ரம்ஸ் குச்சியா இருக்கும்.”

“குச்சி இல்ல. இரும்பு” என்றார் சுருதிக்காரர். பிறகு, “சரிண்ணே, வரேன்” என்று போய்விட்டார். கைப்பிடியைத் தொட்டவர் யார், எப்போது என்று அவர் கேட்கவில்லை. உஷ் அண்ணனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடம் மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்தார், போனார். வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டார்கள், மழை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

உஷ் அண்ணன் ஓய்வு பெற்று ஐந்தாறு வருடம் ஆன பிறகு, அந்தப் பாட்டு வெளியாகி முப்பது வருடம் நிறைவு என்று வானொலியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி போட்டார்கள். மனைவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். நிகழ்ச்சி நடத்துகிறவர், “தொடக்கத்தில் வரும் அந்த இனிய சத்தம் என்ன என்பது இன்றுவரை புரியாத புதிர்” என்றார்.

“உங்க ஸ்டூடியோலதானே எடுத்தாங்க? உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் மனைவி.

“நான்தான்” என்றார் அவர்.

“என்னது நான்தான்?”

சொன்னார். காலை எழுந்ததிலிருந்து வாயைத் திறக்காதவர் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி வானொலியை அணைத்தாள்.

“என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? சொல்ல வேண்டியவருகிட்ட போய்ச் சொல்லுங்க. உயிரோடதானே இருக்காரு. சட்டையை மாத்திட்டுக் கிளம்புங்க.”

சுருதிக்காரர் மகளுடன் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார். கதவைத் திறந்தவள் அந்தப் பெண்தான், இப்போது நாற்பதை நெருங்கியவள், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற டீச்சர். “ஸ்டூடியோல அப்பாவோட வேலை பாத்தவன்” என்றார் இவர். அவள் வழிவிட்டாள். அப்பா இருக்கிற நாற்காலியைக் கையால் காட்டினாள், அந்தப் பக்கம் திரும்பாமலே. “காது சுத்தமா போயிடுச்சு. பலகைல எழுதினாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எள்ளளவு பிசகும் தப்பாத அந்தக் காது போயிருந்தது. சுருதிக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்தார். கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்.

“வாங்கண்ணே வாங்க! எத்தன வருஷம் ஆச்சு! அந்தப் பாட்டுக்கு முப்பது வருஷமாமே, ரேடியோலேர்ந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. இந்த வீட்ல அதைப் போடக் கூடாது, என் பொண்ணுக்கு ஆகாது. எனக்கும்தான் இனிமே போட்டா என்ன, போடாட்டி என்ன!”

மகள் தேநீரைக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைத்தாள். கோப்பையைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். கடமையில் ஒரு குறையும் இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை.

பலகையும் சாக்குக்கட்டியும் நாற்காலிக் கையில் தொங்கின. உஷ் அண்ணன் கட்டியை எடுத்தார். ‘அன்று’ என்று எழுதினார். மேலே ஓடவில்லை. வைத்துவிட்டார்.

“தம்பி, அன்னிக்கு வெளக்கு அணைஞ்சிருந்துச்சு” என்றார்.

“என்ன? சத்தமா சொல்லுங்கண்ணே!”

“வெளக்கு அணைஞ்சிருந்துச்சு!”

“இன்னும் சத்தமா!”

வாழ்நாளெல்லாம் உஷ் என்று சொல்லித் தேய்ந்த தொண்டை அது. அதைக் கிழித்துக்கொண்டு அவர் கத்தினார். “போன் வந்துச்சு தம்பி! வெளக்கு அணைஞ்சுது! கதவுல கை வச்சேன்! பாட்டு நல்லா வருதேன்னு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்! அந்த டக் நான்தான்! போயிருந்தா நீங்க பாத்திருக்கலாம்! நான்தான் கெடுத்தேன்!”

எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடிக்கொண்டது. சுருதிக்காரர் சிரித்த முகம் மாறாமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணும் புரியலண்ணே. ஏன் அழறீங்க?” என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, “அம்மாடி, இவரு என்ன சொல்றாருன்னு கொஞ்சம் எழுதிக் காட்டேன்” என்று கூப்பிட்டார்.

அவள் ஏற்கெனவே சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் பிடித்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“போன்ல பேசினது நீங்களா?” என்றாள்.

உஷ் அண்ணன் தலையை ஆட்டினார்.

“இதோ சொல்றேன் கண்ணுன்னீங்க. நான் ஓடிப் போய், அப்பாகிட்ட சொல்லிட்டாங்கம்மா, வந்துட்டே இருக்காருன்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா உள்ள போற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க.” அவள் குரல் உயரவில்லை. “லேட்டாத்தான் தெரிஞ்சுதுன்னு அப்பா சொன்னாரு. பாட்டு எடுத்து முடிச்சுட்டு வந்து பொய் சொல்றாருன்னு நெனச்சேன். ஏன்னா, உடனே சொல்றேன்னு நீங்கதான் என்கிட்ட சொன்னீங்களே.”

அவருக்கு இது தெரியாது. முப்பது வருடமாகத் தான் திருடியது பதினோரு நிமிடம் என்றுதான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒரு வீட்டில் ஒரு அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கழித்த காலம் அதில் சேரவே இல்லை. மன்னிச்சுடும்மா என்று சொல்ல நினைத்தார். கையை மட்டும் கூப்பினார்.

“என்னம்மா சொல்றாரு?” என்றார் சுருதிக்காரர்.

அவள் நாற்காலியருகே போய் உட்கார்ந்தாள். பலகையிலிருந்த ‘அன்று’ என்ற சொல்லை ஈரத்துணியால் துடைத்தாள். கட்டியை எடுத்தாள். பிறகு எழுதி, அப்பா முன்னால் தூக்கிப் பிடித்தாள். கூடவே அவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள்.

‘அன்னிக்கு உங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சிருக்கு.’

சுருதிக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. உஷ் அண்ணனைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

“அதைத்தானேம்மா நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார்.

உஷ் அண்ணன் எழுந்தார். இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். உள்ளே அந்தப் பெண் அழுகிற சத்தம் கேட்டது, அதைக் கேட்க முடியாத மனிதர் “ஏம்மா, ஏம்மா” என்று உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். உஷ் அண்ணன் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.